நகருக்குள் சின்ன இடத்தில் குறுங்காடு வளர்க்க முடியுமா? என்ன மரம் நடலாம்?

தாராளமாக முடியும். கோட்டூர்புரத்தில் சென்னை மாநகராட்சி மியாவாக்கி முறையில் வளர்த்த காட்டைப் போய்ப் பாருங்கள். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி வகுத்த முறை அது: மண்ணை ஆழமாகக் கிளறி, தொழுவுரம் கலந்து, சதுர மீட்டருக்கு 3, 4 கன்றுகளாக நெருக்கி நடுவது. வெளிச்சத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டு மளமளவென்று வளரும். ஆனால் முதல் 2, 3 வருடம் தண்ணீர் விட்டுக் களையெடுக்க ஆள் இல்லையென்றால் தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள்.

மரத் தேர்வில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2016 வர்தா புயலில் சென்னையில் சாய்ந்தவற்றில் குல்மோகர் போன்ற அயல் மரங்கள் ஏராளம். அதனால் நம் மண்ணின் மரங்களான வேம்பு, புங்கன், நாவல், பூவரசு, புன்னை நடுங்கள், ஓரத்தில் நொச்சி.

சாலையோர மரமென்றால் அடிமரத்தை ஒட்டி சிமென்ட் போட விடாதீர்கள். சுற்றிலும் ஒரு மீட்டராவது மண் திறந்திருந்தால்தான் மழைநீர் வேருக்கு இறங்கும்.