கேள்வி – பதில்: சொந்தக் கொடியும் பொதுச் சந்தையும்

கேள்வி: பல தலைமுறைகள் போராடி 1922-இல் தனி நாடான அயர்லாந்து, ஐம்பதே ஆண்டுகளில் தன் அதிகாரத்தின் ஒரு பகுதியை இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரசெல்ஸிடம் ஒப்படைத்துவிட்டது. விடுதலைக்காக உயிர்விட்டவர்களுக்குச் செய்த துரோகம் என்றுதானே இதைச் சொல்ல வேண்டும்?

பதில்: அயர்லாந்து மக்கள் அப்படி நினைக்கவில்லை. 1972 மே 10 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 83 பேர் அந்த ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்வதை ஆதரித்தார்கள். ஏன் ஆதரித்தார்கள் என்பது அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகளைப் பார்த்தால்தான் விளங்கும்.

1928-இல் அயர்லாந்து தனக்கென்று நாணயங்களை வெளியிட்டது. ஒரு பக்கத்தில் யாழ். மறுபக்கத்தில் அந்த நாட்டு மக்கள் அன்றாடம் காணும் உயிரினங்கள். ஒரு பென்னியில் குஞ்சுகளோடு நிற்கும் கோழி, ஒரு ஷில்லிங்கில் காளை, இரண்டு ஷில்லிங்கில் சால்மன் மீன். பிரிட்டிஷ் மன்னரின் தலை எதிலும் இல்லை. அந்தக் காசை முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்த்தவருக்கு நெஞ்சு நிமிர்ந்திருக்கும். ஆனால் அதன் மதிப்பு பிரிட்டிஷ் பவுண்டோடு ஒன்றுக்கு ஒன்று என்று கட்டிவைக்கப்பட்டிருந்தது. 1967 நவம்பர் 18 அன்று லண்டன் அரசு தன் பவுண்டின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைத்தபோது, அயர்லாந்தின் பவுண்டும் அதே அளவு சரிந்தது. அந்த முடிவை எடுத்த அமைச்சரவையில் அயர்லாந்து மக்கள் தேர்ந்தெடுத்தவர் ஒருவர்கூட இல்லை.

சந்தையின் கதையும் இதுதான். அயர்லாந்தின் ஏற்றுமதியில் மிகப் பெரும் பகுதி பிரிட்டனுக்கே போயிற்று. அயர்லாந்து விவசாயிகள் நிலம் வாங்க பிரிட்டிஷ் அரசு கொடுத்திருந்த கடனின் தவணைகளை இனிச் செலுத்த முடியாது என்று 1932-இல் டப்ளின் அரசு மறுத்ததும், பிரிட்டன் அயர்லாந்து மாடுகளின் மீது கடுமையான வரியை விதித்தது. விற்க வழியில்லாத மாடுகள் பெருகியபோது, கன்றுகளைக் கொன்று தோலைக் கொண்டுவருபவர்களுக்கு அரசே பணம் கொடுக்கும் நிலை வந்தது. கொடியும் நாடாளுமன்றமும் சொந்தமாக இருந்த ஒரு நாட்டில் நடந்தது இது. வாங்குபவர் ஒருவரே என்றால், விற்பவரின் விடுதலை அந்த ஒருவரின் மனநிலையைப் பொறுத்தது என்பதை அந்த விவசாயிகளைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இல்லை.

1973-இல் சேர்ந்த பிறகு அவர்களுடைய வெண்ணெய்க்கும் இறைச்சிக்கும் ஐரோப்பா முழுவதும் சந்தையாயிற்று. 1979-இல், உறுப்பு நாடுகளின் நாணய மதிப்புகளை ஒன்றோடொன்று இணைத்த ஐரோப்பிய நாணய முறையில் அயர்லாந்து சேர்ந்ததும் பிரிட்டிஷ் பவுண்டோடு இருந்த அந்தப் பழைய கட்டு அறுந்தது. இதை நான் விடுதலையின் தொடர்ச்சியாகவே பார்க்கிறேன். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகும் பேச்சு நடந்தபோது, வட அயர்லாந்து எல்லையில் மீண்டும் சுங்கச் சாவடி வரக்கூடாது என்ற டப்ளினின் கோரிக்கையை மற்ற 26 நாடுகளும் தங்கள் கோரிக்கையாக ஏற்றுக்கொண்டன. தனியாக நின்று லண்டனோடு பேசியிருந்தால் அந்தச் சிறிய நாட்டின் சொல் அவ்வளவு தூரம் எடுபட்டிருக்காது.

இதில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்றியத்தின் அடிப்படை விதிகளைத் திருத்திய லிஸ்பன் உடன்படிக்கையை 2008 ஜூனில் அயர்லாந்து மக்கள் நிராகரித்தார்கள். சில உறுதிமொழிகளைக் கூட்டி, 2009 அக்டோபரில் அதே கேள்வி அவர்கள் முன் மீண்டும் வைக்கப்பட்டு, இந்த முறை ஏற்கப்பட்டது. ஒன்றியத்தின் நிர்வாகக் குழுவில் ஒவ்வொரு உறுப்பு நாட்டுக்கும் ஓர் ஆணையர் தொடர்ந்து இருப்பார் என்பது போன்ற உறுதிகளை அந்த முதல் மறுப்பு பெற்றுத் தந்தது உண்மை. ஆனாலும் மக்கள் சொன்ன ‘இல்லை’யை ‘இன்னொரு முறை யோசியுங்கள்’ என்று படிக்கும் வழக்கம் நல்லதன்று. இந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

கேள்வி: சுங்க வரியை நீக்குவதற்கு மேல் இந்தப் பொருளாதார ஒருங்கிணைப்பில் என்ன இருக்கிறது?

பதில்: வரியை நீக்குவது எளிய பகுதி. பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகளும் 1957-இல் ரோம் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, 1968 ஜூலைக்குள் தங்களுக்கிடையே சுங்க வரியை முழுவதும் நீக்கிவிட்டன. அதன் பிறகும் சரக்கு எல்லையில் நின்றது. ஒவ்வொரு நாட்டின் தர விதியும் ஒரு மறைமுகச் சுவராக இருந்ததே காரணம்.

ஓர் எடுத்துக்காட்டு போதும். பிரான்சின் டிஜோன் நகரத்தில் ‘காசிஸ்’ என்ற, பிளாக்கரண்ட் பழத்தில் செய்யும் இனிப்பு மது தயாராகிறது. அதில் ஆல்கஹால் 15 முதல் 20 விழுக்காடு. ஜெர்மன் சட்டமோ அந்த வகை மதுவில் 25 விழுக்காடாவது இருந்தாலொழிய விற்கக் கூடாது என்றது. குறைந்த போதையுள்ள பானம் உடல்நலத்துக்குக் கேடு என்ற ஜெர்மன் அரசின் வாதத்தை ஐரோப்பிய நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு நாட்டில் முறைப்படி தயாரித்து விற்கப்படும் பொருளை, தகுந்த காரணம் இல்லாமல் இன்னொரு நாடு தடுக்க முடியாது என்று 1979-இல் தீர்ப்பளித்தது. 1993-இல் பிறந்த ஒற்றைச் சந்தைக்கு இந்தத் தீர்ப்பு ஓர் அடித்தளம். அதன் பலன் வணிகர்களோடு நிற்கவில்லை. ஒரு நாட்டில் பிறந்தவர் இன்னொரு நாட்டில் அனுமதிச் சீட்டு இல்லாமல் வேலை தேடலாம். 2017 ஜூன் முதல், இன்னொரு உறுப்பு நாட்டுக்குப் போயிருக்கும்போது பேசும் கைப்பேசிக்குக் கூடுதல் கட்டணமும் இல்லை.

கேள்வி: நார்வே சேராமலே செழிப்பாக இருக்கிறதே?

பதில்: செழிப்பாகவே இருக்கிறது, எண்ணெய் வருமானத்தைச் சிதறவிடாமல் சேமித்த அறிவுக்கு அது கிடைத்த பரிசு. 1972-இலும் 1994-இலும் நார்வே மக்கள் ‘வேண்டாம்’ என்றார்கள். மீன்பிடிப்பையும் வேளாண்மையையும் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். அந்த இரண்டிலும் அவர்கள் பெற்ற சுதந்திரம் உண்மையானது. ஆனால் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி என்ற ஒப்பந்தத்தின் வழியே ஒற்றைச் சந்தைக்குள் அவர்கள் 1994 முதல் இருக்கிறார்கள். அதற்காக, பிரசெல்ஸ் இயற்றும் சந்தை விதிகளைத் தங்கள் சட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள், பணமும் கட்டுகிறார்கள்; அந்த விதிகள் மீது வாக்களிக்கும் உரிமை மட்டும் அவர்களுக்கு இல்லை. செல்வம் இருக்கும் நாடு இந்த விலையைப் பொறுத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு இதை முன்மாதிரியாகக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: 2015-இல் கிரீஸ் மக்கள் ‘இல்லை’ என்று வாக்களித்தும் ஒன்றும் நடக்கவில்லை. இதைப் பார்த்த பிறகும் ஒருங்கிணைப்பை எப்படி ஆதரிக்கிறீர்கள்?

பதில்: நியாயமான கேள்வி. அந்த ஜூன் மாத இறுதியில் கிரீஸில் வங்கிகள் மூடப்பட்டன. பணம் எடுக்கும் இயந்திரத்தில் ஒருவர் ஒரு நாளைக்கு 60 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது. முதியவர்கள் தங்கள் ஓய்வூதியத்துக்காக மூடிய வங்கிக் கதவின் முன் காத்து நின்றார்கள். ஜூலை 5 அன்று, கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளை 61 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். பத்து நாட்களுக்குள் அதே அரசு கடுமையான நிபந்தனைகளுக்கு இணங்கிவிட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வேலையின்மை 27 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது.

கிரீஸ் அரசுகள் கணக்கை மறைத்ததும், வரி வசூலிக்கத் தவறியதும் இந்தத் துயரத்தின் ஒரு பாதி. மறுபாதி நாணயத்தைச் சேர்ந்தது. சொந்த நாணயம் உள்ள நாடு நெருக்கடியில் அதன் மதிப்பைச் சரியவிட்டு, ஏற்றுமதியையும் சுற்றுலாவையும் உயர்த்தி, மெல்ல எழுந்திருக்கலாம். 2008-இல் ஐஸ்லாந்து அப்படித்தான் எழுந்தது. வலி இல்லாமல் இல்லை, வெளிநாட்டு நாணயத்தில் வீட்டுக்கடன் வாங்கியவர்கள் நசுங்கிப்போனார்கள். யூரோவைப் பயன்படுத்திய கிரீஸிடம் அந்தக் கருவியே இல்லை. ஆகவே என் நிலைப்பாடு இது: பொதுச் சந்தை வேறு, பொது நாணயம் வேறு. முன்னதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். பின்னதில் சேரும் நாடு எதை விட்டுக்கொடுக்கிறது என்பதைத் தன் மக்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

அதே வேளையில், சொந்த நாணயம் என்ற பெயரே அதிகாரத்தைத் தந்துவிடாது. டென்மார்க் 2000-இல் யூரோவை நிராகரித்தது. ஆனால் அதன் குரோன் ஒரு யூரோவுக்குச் சுமார் 7.46 என்ற அளவில் கட்டப்பட்டிருப்பதால், ஐரோப்பிய மத்திய வங்கி இருக்கும் பிராங்க்பர்ட்டில் வட்டி மாறினால் பெரும்பாலும் கோபன்ஹேகனிலும் மாறும். எஸ்டோனியா சோவியத் பிடியிலிருந்து மீண்ட மறு ஆண்டே, 1992 ஜூனில், ரூபிளைக் கைவிட்டுத் தன் குரூனை வெளியிட்டது. ஒவ்வொருவரும் 1500 ரூபிள் வரை கொடுத்து, பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மாற்றிக்கொள்ளலாம். அந்தப் புதிய குரூனும் எட்டுக்கு ஒன்று என்று ஜெர்மன் மார்க்கோடு கட்டப்பட்டே பிறந்தது. 2011-இல் யூரோவுக்கு மாறியபோது எஸ்டோனியா இழந்தது குறைவு. அதுவரை இல்லாத ஓர் இருக்கை ஐரோப்பிய மத்திய வங்கியின் ஆட்சிக்குழுவில் அதற்குக் கிடைத்தது.

கேள்வி: ஸ்காட்லாந்து பிரிட்டனிலிருந்து விடுதலையும் கேட்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரவும் விரும்புகிறது. இது முரண்பாடு இல்லையா?

பதில்: முரண்பாடு இல்லை. 2014-இல் விடுதலையை 55 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். 2016-இல் ஒன்றியத்தில் நீடிக்க 62 விழுக்காட்டினர் வாக்களித்தும், பிரிட்டன் முழுவதன் முடிவால் வெளியே கொண்டுவரப்பட்டார்கள். லண்டனில் தங்கள் வாக்கு கரைந்துபோகிறது என்றும் பிரசெல்ஸில் ஓர் உறுப்பு நாடாக அமர முடியும் என்றும் எண்ணுபவர்கள் இரண்டையும் ஒருசேரக் கேட்பது இயல்பே.

அவர்களுக்கு உள்ள சிக்கல் வேறு. ஸ்காட்லாந்தின் வணிகத்தில் பெரும் பங்கு இன்றும் இங்கிலாந்து முதலிய பிரிட்டனின் மற்றப் பகுதிகளோடுதான் நடக்கிறது. ஒன்றியத்தில் சேர்ந்தால் இங்கிலாந்து எல்லையை ஒட்டிய ட்வீட் ஆற்றங்கரையிலேயே ஒரு சுங்க எல்லை வரும். 2014-இல் பிரிட்டிஷ் பவுண்டைப் பொது நாணயமாக வைத்துக்கொள்வோம் என்று விடுதலைக் கட்சியினர் சொன்னார்கள், லண்டன் மறுத்துவிட்டது. லண்டனின் இசைவு இல்லாமலும் பவுண்டைப் பயன்படுத்தலாம், யாரும் தடுக்க முடியாது. அப்படிச் செய்தால் 1967 நவம்பரில் டப்ளின் எங்கே நின்றதோ அங்கேதான் எடின்பரோவும் நிற்கும். எந்த நாணயம், எந்த எல்லை என்ற இரண்டு கேள்விகளுக்கும் தெளிவான விடையோடு அவர்கள் அடுத்த முறை மக்களிடம் போக வேண்டும் என்று விரும்புகிறேன்.