1000 அனுப்பினால் 59395 வருகிறது

வணக்கம் ஐயா,

பைனரி ஃபைல்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின் இதைக் கேட்கத் தோன்றியது. ஒரு சிறிய சென்சார் கருவி அனுப்பும் பைட்களை எங்கள் பைத்தான் ப்ரோக்ராம் வாசிக்கிறது. ஒரு பதிவுக்கு 7 பைட்: கருவி எண்ணுக்கு ஒன்று, எண்ணிக்கைக்கு இரண்டு, நேரத்துக்கு நான்கு. ஒவ்வொன்றையும் தனியாக வெட்டி எடுத்து வாசிக்கிறேன். எண்ணிக்கை 1000 ஆக இருக்கவேண்டிய இடத்தில் 59395 வந்தது. பைத்தானிடம் மெஷினின் பைட் வரிசையைக் கேட்டு, லிட்டில் எண்டியன் என்றால் பைட்களைத் திருப்பிப்போடு என்று ஒரு நிபந்தனை எழுதினேன். சரியாகிவிட்டது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. இது முறையான வழிதானா? இரண்டு வரிசைகளில் எதுதான் சரி? ஒன்றே போதாதா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

மனசு ஒப்பாதது நல்லதுதான். விடை சரியாக வந்துவிட்டது, ஆனால் கேள்வியை ஆள் மாற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்த 7 பைட்களை அடுக்கியது கருவி. அடுக்கிய வரிசை என்ன என்று உங்கள் மெஷினிடம் கேட்டால் அதற்கு எப்படித் தெரியும்?

முதலில் அந்த 59395-ஐப் பார்த்துவிடுவோம். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும், அதனால் 1000-ஐ 256-ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 232. இவைதான் அந்த இரண்டு பைட். கருவி 3-ஐ முதலில் அனுப்பிவிட்டு 232-ஐ அடுத்து அனுப்புகிறது. மதிப்பில் பெரிய பைட் முன்னால் வருவதால் இது பிக் எண்டியன். உங்கள் ப்ராசஸர் லிட்டில் எண்டியன், அதாவது சிறியதுதான் முன்னால் வரும் என்று நினைப்பது. அதனால் 232 × 256 + 3 என்று கணக்குப் போட்டது. வழியில் ஒரு பைட்கூடக் கெடவில்லை.

ஒருவகையில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. 59395 பார்த்தவுடனே அபத்தமாகத் தெரிந்தது. எண்ணிக்கை 258 ஆக இருந்திருந்தால்? அதன் பைட்கள் 1, 2. திருப்பி வாசித்தால் 513. இரண்டும் நம்பக்கூடிய எண்கள்தான். யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். 257 என்றால் இரண்டு பைட்டும் 1, எந்தப் பக்கத்திலிருந்து வாசித்தாலும் 257. பூஜ்யமும் அப்படித்தான். மைனஸ் 1-க்கு எல்லா பைட்டும் 255, அதிலும் பிழை தெரியாது. டெஸ்ட் எழுதுகிறவர்கள் முதலில் கைவைப்பது பூஜ்யத்திலும் மைனஸ் ஒன்றிலும்தான் என்பது இதில் ஒரு வேடிக்கை.

இப்போது உங்கள் நிபந்தனைக்கு வருவோம். "மெஷின் லிட்டில் என்றால் திருப்பு, இல்லையென்றால் அப்படியே விடு." இதில் இரண்டாவது பாதை உங்களிடம் இருக்கும் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடப்போவதில்லை. இன்டெல் வகை ப்ராசஸர்கள் லிட்டில் எண்டியன். ஆர்ம் இரண்டு விதமாகவும் இயங்கக்கூடியது என்றாலும் போன்களிலும் லேப்டாப்களிலும் லிட்டிலாகத்தான் ஓடுகிறது. ஓடாத பாதையை யாரும் சோதிக்கவும் மாட்டார்கள். அதைவிட மோசம், "திருப்பு" என்ற அந்தச் சொல். நாளைக்கு வேறொருவர் ப்ரோக்ராமின் இன்னொரு மூலையில் இதே எண் தலைகீழாக இருக்கிறதே என்று இன்னொருமுறை திருப்பிவிடுவார். அப்புறம் எந்த வேரியபிளில் திருப்பியது இருக்கிறது, எதில் திருப்பாதது இருக்கிறது என்று தேடவேண்டியதுதான்.

திருப்பவே வேண்டாம். முதல் பைட்டை 256-ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டுங்கள். 3 × 256 + 232, அது 1000. இந்தக் கணக்கு எந்த ப்ராசஸரில் ஓடினாலும் 1000-தான். மெஷின் தன் மெமரியில் எண்ணை எப்படி வைத்துக்கொள்கிறது என்ற பேச்சே இதில் வரவில்லை. சி மொழியில் இதையே 8 பிட் ஷிஃப்ட் செய்து, அதாவது பிட்களை இடப்பக்கம் எட்டு இடம் நகர்த்தி எழுதுவார்கள். எழுதும் பக்கமும் இதேதான், பெருக்கலுக்குப் பதிலாக வகுத்தல். பைட் வரிசை என்பது அந்தத் தரவின் குணம். உங்கள் மெஷினுடைய வரிசை அதன் சொந்த விஷயம், நாம் எட்டிப் பார்க்க அவசியமில்லை.

பைத்தானில் இதைக் கையால் எழுதவேண்டியதுகூட இல்லை. பைட்களை எண்களாக மாற்றித்தரும் ஸ்ட்ரக்ட் மாட்யூலில் வடிவத்தைச் சொல்லும் எழுத்துகளுக்கு முன்னால் ஒரு குறி போட்டால் போதும்: > என்றால் பிக், < என்றால் லிட்டில். ஆச்சரியக்குறி போட்டால் நெட்வொர்க் வரிசை, அதுவும் பிக்தான். குறியே போடாமல் விட்டால் மெஷினின் இயல்பு வரிசையை எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

குறி போடாவிட்டால் இன்னொன்றும் நடக்கும், இதைப் பலர் கவனிப்பதில்லை. வரிசையோடு சேர்த்து மெஷினின் அலைன்மென்ட் விதியும், அதாவது எந்த எண் மெமரியில் எந்த இடத்தில் தொடங்கலாம் என்ற விதியும், வந்துவிடும். உங்கள் பதிவை 1, 2, 4 பைட் எண்களாக ஒரே வரியில் குறியில்லாமல் வாசிக்கச் சொன்னால், நமது வழக்கமான மெஷின்களில் பைத்தான் 7 பைட் கேட்காது, 8 கேட்கும். இரண்டு பைட் எண் இரட்டைப்படை இடத்தில் தொடங்கவேண்டும் என்பதற்காகக் கருவி எண்ணுக்குப் பிறகு ஒரு வெற்று பைட் நுழைந்துவிடும். நீங்கள் தனித்தனியாக வெட்டி வாசித்ததால் இதிலிருந்து தப்பினீர்கள். முன்னால் > போட்டால் 7-தான். வெட்டுகிற வேலையும் மிச்சம்.

எது சரி, ஏன் இரண்டு? இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. கூட்டல் சிறிய பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது, அதனால் சிறியது முன்னால் இருப்பது வசதி. ஒரு எண்ணை 4 பைட்டாக வைத்தாலும் 2 பைட்டாக வாசித்தாலும் தொடங்கும் முகவரி மாறாது என்பதும் லிட்டிலுக்கு லாபம். பிக் எண்டியனின் லாபம் எனக்கு இன்னும் பிடித்தது: பைட் பைட்டாக ஒப்பிட்டாலே எண் வரிசை கிடைத்துவிடும். 255-உம் 256-உம் பிக்கில் (0, 255), (1, 0). முதல் பைட்டைப் பார்த்தாலே எது சிறியது என்று தெரிகிறது. லிட்டிலில் (255, 0), (0, 1); பைட் ஒப்பீட்டில் 256 முந்திவிடும். டேட்டாபேஸில் பதிவுகளை வரிசைப்படுத்தவும் தேடவும் பயன்படும் கீகளில் எண்களைப் பிக்காக வைப்பது இதனால்தான். மைனஸ் எண்கள் வந்தால் மைனஸைக் காட்டும் பிட்டையும் மாற்றவேண்டும், அது தனிக்கதை.

இந்தச் சண்டை பழையது. பிடிபி-11 என்ற பழைய கம்ப்யூட்டரில் 32 பிட் எண்ணின் நான்கு பைட்டை மதிப்பில் பெரியதிலிருந்து 1, 2, 3, 4 என்று எண்ணினால், அவை 2, 1, 4, 3 என்ற வரிசையில் உட்காரும், இரண்டு கட்சியிலும் சேராமல். 1980-இல் கம்ப்யூட்டர் விஞ்ஞானி டேனி கோஹன் எழுதிய குறிப்பு ஒன்றில், எந்த வரிசை என்பதைவிட ஒரு வரிசையை ஒப்புக்கொள்வதுதான் முக்கியம் என்று வாதிட்டார். இன்டர்நெட் ப்ரோட்டோகால்கள் பிக்கை ஒப்புக்கொண்டன. ஃபைல்கள் ஒப்புக்கொள்ளவில்லை: பிஎன்ஜி பிக், ஜிப்பும் பிஎம்பியும் லிட்டில். படங்களுக்கான டிஃப் வடிவம் இரண்டையும் அனுமதித்துவிட்டு, ஃபைலின் முதல் இரண்டு எழுத்துகளிலேயே எது என்று சொல்லிவிடும்: ஐஐ என்றால் லிட்டில், எம்எம் என்றால் பிக். புதிதாக வடிவம் வகுக்கிறவர்கள் இந்தச் சுதந்திரத்தைத் தராமல் இருப்பதே நல்லது. வாசிக்கிற ஒவ்வொருவரும் இரண்டு வழியையும் எழுதவேண்டியிருக்கும்.

உங்கள் விஷயத்தில் கருவியைத் தொடவேண்டாம். நிபந்தனையை நீக்கிவிட்டு > போடுங்கள். நேரத்துக்கான நான்கு பைட்டும் அதே வரிசையில்தான் வருகிறதா என்று கருவியை எழுதியவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள், நீங்களாக ஊகிக்க வேண்டாம். கேட்டதைப் பதிவின் விளக்கத்தில் ஒரு வரியாக எழுதிவையுங்கள். டெஸ்டுக்கு 16909060 என்ற எண்ணைப் பயன்படுத்துங்கள். அதன் நான்கு பைட் 1, 2, 3, 4. எந்த பைட் எங்கே போயிற்று என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும்.