ஞாபகம் யாருடைய வேலை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். வயது 39. தனியார் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் வேலை, இரண்டு பிள்ளைகள். சென்ற ஆண்டு மகனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு – மிகைச்செயற்பாட்டு நிலை) இருப்பதாக வைத்தியர் சொன்னார். அவனைப் பற்றி அவர் கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்லச் சொல்ல, நான் என் கதையையே சொல்லிக்கொண்டிருப்பதாக உணர்ந்தேன். பின்னர் எனக்கும் அதுவே என்று உறுதிசெய்தார்கள். குளிசை தொடங்கி மூன்று மாதமாகிறது. அலுவலகத்தில் வித்தியாசம் தெரிகிறது, வீட்டில் தெரியவில்லை. பள்ளிக்கூடக் கட்டணம், மாமியின் மருந்து, கரண்ட் பில், உறவினர் வீட்டு விசேஷம் என்று வாரத்துக்கு ஒன்றாவது தவறிப்போகிறது. "பொறுப்பில்லாதவள்" என்று மாமி சொல்லும்போது மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மற்றப் பெண்களைப் போல நான் எப்போது ஒழுங்காவேன்?

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் அந்த "மற்றப் பெண்"ணாக நீங்கள் ஆகப்போவதில்லை. ஆகாமலே நன்றாக வாழலாம். எனக்கும் ஏ.டி.எச்.டி. இருப்பது 47 வயதில்தான் தெரிந்தது. அதற்கு முன்பு அம்மாவின் கிளினிக் திகதியை மூன்று முறை தவறவிட்டிருக்கிறேன். மூன்றாவது முறை அம்மா என்னை ஏசவில்லை. கிளினிக் அட்டையை என்னிடமிருந்து வாங்கித் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கும். ஆகவே மாமியின் அந்தச் சொல் உங்களுக்கு எங்கே போய்த் தைக்கிறது என்பதை நான் அறிவேன்.

இத்தனை ஆண்டுகள் இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று உங்களை நீங்களே கேட்டிருப்பீர்கள். நீங்கள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய காலத்தில், அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் கையேடு இதன் அறிகுறிகள் ஏழு வயதுக்கு முன்பே வெளிப்பட்டிருக்க வேண்டும் என்று விதித்திருந்தது. அந்த வயதெல்லை பன்னிரண்டாக உயர்ந்தது 2013இல்தான். கதிரையில் இருக்க முடியாமல் வகுப்பைக் குழப்பும் ஆண்பிள்ளையை ஆசிரியர் உடனே கவனித்தார். யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, பாடம் ஒன்றும் காதில் விழாமல், அமைதியாக இருந்த பெண்பிள்ளை யாருக்கும் தொந்தரவு தரவில்லை. ஆகவே யார் கண்ணிலும் படவும் இல்லை. அதனால்தான் சிறுவயதில் கண்டறியப்படுவோரில் ஆண்பிள்ளைகள் மிக அதிகமாகவும், வளர்ந்தவர்களில் அந்த இடைவெளி வெகுவாகக் குறைந்தும் காணப்படுகின்றன. இது பெருமளவு பரம்பரையாக வருவது என்பதால், பிள்ளையின் வழியாகத் தன்னைக் கண்டுகொள்ளும் தாய்மார் பலர்.

குளிசையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த மூளைக்குத் துணைசெய்கிறது. பெரும்பாலானவை சில மணி நேரமே வேலை செய்யும். காலையில் எடுத்ததன் பலன் நீங்கள் காலி வீதி நெரிசலைக் கடந்து வீடு சேர்வதற்குள் தீர்ந்துவிடுவதும் உண்டு. அளவையோ நேரத்தையோ நீங்களாக மாற்றாமல், மாலையில் நடப்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் மறதி கூடுகிறதா என்பதையும் இரண்டு மூன்று மாதங்கள் குறித்துக்கொண்டு போங்கள். அந்த நாட்களில் ஈஸ்ட்ரோஜன் குறைவது பல பெண்களிடம் இதை மோசமாக்குகிறது.

ஆனால் உங்கள் வீட்டில் மாற்றம் தெரியாததற்கு முக்கியக் காரணம் குளிசையின் நேரம் அல்ல என்றே நினைக்கிறேன். அலுவலகத்தில் உங்களுக்குத் தரப்படுவது வேலை. வீட்டில் தரப்படுவது எல்லோருடைய வேலையையும் ஞாபகம் வைத்திருக்கும் வேலை. கட்டணத்தின் கடைசித் திகதி, மருந்து முடியும் நாள், யாருடைய வீட்டில் என்ன விசேஷம் என்ற இவையெல்லாம் எங்கும் எழுதப்படாமல், கேட்கப்படாமல், ஒரு பெண்ணின் தலைக்குள் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. ஏ.டி.எச்.டி. உள்ளவருக்கு மிகவும் வலுவிழந்து இருப்பது சரியாக அந்த இடமே. நம்மவர்கள் ஒரு பெண்ணின் பொறுப்பை அளப்பதும் அதே இடத்தில்தான் என்பது நம்முடைய பெருந்துயரம்.

ஆகவே ஞாபகத்தைத் தலையிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். திறப்புக் கோர்வை வாசல் ஆணியில் தொங்கட்டும். மாமியின் குளிசைகள் கண்ணுக்குத் தெரியும் போத்தலில், தேத்தண்ணி போடும் இடத்தில் இருக்கட்டும். அலுமாரிக்குள் போனது உங்களுக்கும் எனக்கும் இல்லாமலே போய்விடும். பில்களை வங்கி தானாகச் செலுத்த ஏற்பாடு செய்யலாம். உடுப்பு மடிப்பது போன்ற சலிப்பான வேலைகளை இன்னொருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். நான் கனடாவில் இருக்கும் தங்கையோடு வீடியோவில் கதைத்தபடியே செய்கிறேன். எனக்கு இரவு, அவளுக்குக் காலைச் சமையல் நேரம். இருவரும் அதிகம் பேசுவதுகூட இல்லை, ஆனால் வேலை முடிகிறது.

இதைவிடக் கடினமானது உங்கள் கணவரோடு பேசுவது. "உதவி செய்யுங்கள்" என்று கேட்காதீர்கள். உதவி என்றால் நீங்கள் நினைவூட்ட வேண்டியிருக்கும். நினைவூட்டுவதுதானே உங்களால் முடியாதது. இரண்டு விடயங்களைத் தெரிந்தெடுத்து, திகதியை நினைவில் வைப்பது முதல் முடிப்பது வரை முழுவதுமாக அவரிடம் ஒப்படையுங்கள். பள்ளிக்கூடக் கட்டணமும் அவருடைய தாயாரின் மருந்தும் பொருத்தமானவை என்பது என் எண்ணம். அவர் ஒரு முறை தவறவிட்டாலும் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாமிக்கு மூளையின் இயக்கத்தை விளக்க முயல வேண்டாம். மருந்து ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் அவருடைய கோபத்தில் பாதி தணியும். மீதியைத் தாங்க முடியாமல், தூக்கமும் கெட்டு மனம் சோரும் நாட்கள் வந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சோர்வும் பதற்றமும் இந்நிலையோடு சேர்ந்து வருவது சாதாரணம். அவற்றுக்குத் தனியாகச் சிகிச்சையும் உண்டு.

கணவரோடு பேசியபின் எனக்கு எழுதுங்கள். அவர் எந்த இரண்டை எடுத்துக்கொண்டார் என்று அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
அக்கா