போர்டை எப்படி அளப்பார்கள்? எழுத்தையா, பலகையையா?

நியூயார்க் குவீன்ஸில் சாப்பாட்டுக் கடை திறக்கப்போகும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கடையின் அகலம் 22 அடி. போர்டு செய்பவர் 22 அடி நீளம், 3 அடி உயரத்தில் கரும்பச்சைப் பலகை, அதன்மேல் எல்இடி எழுத்து என்று கொட்டேஷன் தந்திருக்கிறார். கடை அகலத்தைப்போல மூன்று மடங்கு சதுர அடி வரை போடலாம், 22 மூன்று 66, நம்ம பலகையும் 66, கச்சிதம் என்கிறார். நியூஜெர்சியில் கடை வைத்திருக்கும் என் மைத்துனரோ, எழுத்தை மட்டும்தான் அளப்பார்கள், பலகையெல்லாம் கணக்கில் வராது என்கிறார். யாரை நம்புவது?"

மைத்துனர் சொல்வது அவர் ஊருக்குச் சரியாக இருக்கலாம். அமெரிக்காவில் இந்த அளவு விதி ஊருக்கு ஊர் மாறும். சில ஊர்களில் எழுத்தைச் சுற்றிச் செவ்வகம் போடுவார்கள், சில ஊர்களில் எட்டு நேர்கோடுகளுக்கு மிகாமல் எழுத்தை ஒட்டி வளைத்துக்கொள்ள விடுவார்கள். நியூயார்க் நகர விதி வேறு. எழுத்து, படம், சின்னம் எல்லாவற்றின் கடைசி ஓரங்களையும் ஒரே கோட்டால் சுற்றி வளைத்து, அதற்குள் வரும் பரப்பு முழுவதையும் எடுத்துக்கொள்வார்கள். அதோடு விடுவதில்லை. பின்னால் இருக்கும் சுவரிலிருந்து போர்டைப் பிரித்துக் காட்டுவதற்காக எந்தப் பொருளோ நிறமோ போட்டிருந்தாலும் அதுவும் போர்டுதான் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே உங்கள் கரும்பச்சைப் பலகை முழுசாக உள்ளே வந்துவிடும். பலகையைத் தாங்கும் கம்பி, கால் இதெல்லாம் மட்டும் சேராது.

இந்த "நிறம்" என்கிற ஒரு சொல்லில் நானே ஒரு தடவை மாட்டியிருக்கிறேன். ஒரு புடவைக் கடைக்கு எழுத்துகளை நேராகச் செங்கல் சுவரில் பதித்தோம், 24 சதுர அடி, எல்லாம் முடிந்து நான் கிளம்பிய பிறகு முதலாளி எழுத்து எடுப்பாகத் தெரியவில்லை என்று பின்னால் கடை நீளத்துக்கும் மஞ்சள் பட்டை அடித்துவிட்டார். 20 அடிக்கு 3 அடி. பெயிண்ட் செலவு சொற்பம்தான், போர்டு 60 சதுர அடி ஆகிவிட்டது.

சரி, போர்டுக்காரர் கணக்குக்கு வருவோம். மூன்று மடங்கு என்பது உண்மைதான், அதற்கும் மேலே 150 சதுர அடி என்று ஓர் உச்சவரம்பு உண்டு, உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. அவர் சொல்லாமல் விட்டது விளக்கு. எந்த இடத்தில் என்ன கட்டலாம், என்ன நடத்தலாம் என்று நகரம் இடங்களை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. குடியிருப்புகளுக்கு நடுவே ஓடும் கடைத்தெருக்கள் பலவும் அதில் சி1 வகை மண்டலம். அங்கே விளக்கு உள்ள போர்டுகள் எல்லாம் சேர்ந்து 50 சதுர அடியைத் தாண்டக்கூடாது. எழுத்தில் மட்டும்தானே லைட் என்று வாதாட முடியாது, அது மொத்தமும் ஒரே போர்டு, 66ம் விளக்குக் கணக்கில்தான் போகும். வெளியே வளைந்த கம்பியில் பல்பு மாட்டி போர்டின்மேல் அடித்தாலும் இதே கதிதான், ஏனென்றால் செயற்கை வெளிச்சத்தைத் தானே தருவதும் வாங்கிப் பிரதிபலிப்பதும் விதிப்படி ஒன்று.

அப்போ என்ன செய்யலாம்? பலகையைத் தூக்கிவிட்டு எழுத்துகளை நேரே சுவரில் பதியுங்கள். ஆனால் தமிழில் எழுதுவதால் ஒரு சங்கதி இருக்கிறது, இதை இங்குள்ள போர்டுக்காரர்கள் யோசிப்பதே இல்லை. அவர்கள் "18 இன்ச் எழுத்து" என்றால் ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரம், மேலும் கீழும் ஒன்றும் நீட்டாது. "விருந்து" என்று எழுதிப் பாருங்கள். 'வி'யின் சுழி மேலே ஏறும், 'ந்' தலையில் புள்ளி, 'ரு'வும் 'து'வும் கீழே வால் விடும். எழுத்தின் உடம்பு 18 இன்ச் என்றால், ஃபாண்டைப் பொறுத்து மேலே 6, கீழே 5 கூடி 29 இன்ச் ஆகிவிடும். அதன்கீழ் 3 இன்ச் இடைவெளி விட்டு 10 இன்ச்சில் ஆங்கிலப் பெயர் போட்டால் மொத்தம் 42 இன்ச், அதாவது மூன்றரை அடி. இடைவெளியும் சேர்த்தேதான், ஒரே கோட்டுக்குள் இருக்கிறதே. நீளம் 12 அடி என்றால் 42 சதுர அடி. சுழியையும் வாலையும் மறந்துவிட்டு அளந்திருந்தால் 31 என்று வந்திருக்கும். அளவுக் கோடு காட்டிய வரைபடத்தில் சுழியின் உச்சியிலிருந்து வாலின் நுனி வரை எழுதச் சொல்லுங்கள். எழுத்தை ஒட்டி வளைத்து வளைத்துக் கோடு போட்டு ரெண்டு சதுர அடி மிச்சம் பிடிக்கிற வேலையை நான் செய்வதில்லை, செவ்வகமாகவே போட்டுக் காட்டுவேன், பிறகு யாரோடும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

50க்கு 42 போக 8 மிச்சம். அதைக் கண்ணாடி ஜன்னலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு உள்பக்கம் ஒட்டும் தோசைப் படம், விலைப்பட்டியல் இதெல்லாம் போர்டு ஆகாது. ஆனால் உள்ளே இருந்தாலும் ஜன்னலில் விளக்கோடு மின்னும் "ஓபன்" போர்டு ஆகும். இரண்டடிக்கு ஓர் அடி என்றால் 2 சதுர அடி போயிற்று.

துணிப் பந்தலில் பெயர் போடும் ஆசை இருந்தால் அதற்குத் தனி விதி: விளக்கு கூடாது, எழுத்து 12 இன்ச் உயரத்துக்குள், மொத்தம் 12 சதுர அடிக்குள். இங்கேயும் சுழியும் வாலும் நினைவிருக்கட்டும். சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள், 2018 வாக்கில் யாரோ நகர நிர்வாகத்தின் 311 எண்ணுக்குப் போன் போட்டுப் போட்டுப் புகார் சொல்ல, பெட்டிக் கடைக்காரர்கள்கூட 6,000 டாலர் அபராதத்தில் மாட்டினார்கள். பந்தலைக் கழற்றிவிட்டு மொட்டைச் சுவரோடு வியாபாரம் பார்த்தவர்கள் உண்டு. 2019ல் நகர மன்றம் சட்டம் போட்டு அந்த அபராதங்களை இரண்டு வருடம் நிறுத்திவைத்தது. அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் நகரத்தின் 'ஸோலா' வரைபடத்தில் கடை விலாசத்தைப் போட்டு மண்டலம் சி1தானா என்று பாருங்கள், வேறு எண் வந்தால் நான் சொன்ன 50 அப்படியே பொருந்தாது. அப்புறம், 6 சதுர அடிக்கு மேலே போனால் கட்டடத் துறையின் அனுமதி வேண்டும், அதைப் போர்டுக்காரரே வாங்கித் தருகிறாரா, அந்தச் செலவு கொட்டேஷனில் இருக்கிறதா என்று கேளுங்கள். "முதலில் மாட்டிவிடுவோம், அனுமதியை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொன்னால் வேறு ஆளைத் தேடுங்கள், அபராதச் சீட்டு அவர் பெயருக்கு வராது.