வலிக்கு எண் கொடுப்பது எப்படி? ரத்தப் புற்றுநோய்க் கேள்வி பதில்

பதில் சொல்பவர்: வலித் தணிப்புப் பிரிவுத் தாதி

ஈசூன் வாசகி: அம்மாவுக்கு 71 வயது, மைலோமா (எலும்பு மஜ்ஜையில் வரும் ரத்தப் புற்றுநோய்). 0 முதல் 10 வரை வலி எவ்வளவு என்று தாதி கேட்டால், எப்போதும் "பரவாயில்லை" என்கிறார்.

பதில்: நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் அப்படித்தான், தங்கச்சி. ஒரே எண்ணைக் கேட்காதீர்கள். நேற்றிலிருந்து இன்றுவரை அதிகபட்சம், குறைந்தபட்சம், சராசரி, இப்போது என்று நான்கு எண்கள் கேளுங்கள். 4 வரை லேசானது, 5, 6 நடுத்தரம், 7ம் அதற்கு மேலும் கடுமை. மைலோமா முதுகெலும்பையும் விலா எலும்பையும் அரிப்பதால், படுத்திருக்கும்போது 2 என்பவருக்கே கட்டிலிலிருந்து எழும்போது 8 ஆகலாம். மருத்துவர் அறை நாற்காலியில் சொல்லும் எண்ணை மட்டும் நம்பினால் மருந்து போதாமல் போகும். அசையும்போது எவ்வளவு என்பதைத் தனியாக எழுதுங்கள்.

இன்னொன்று. அம்மா சொல்வதை நீங்கள் ஆங்கிலத்தில் சொல்லும்போது எல்லாமே "பெயின்" ஆகிவிடுகிறது. குடைச்சல் என்றால் பெரும்பாலும் எலும்பு. பாதம் திகுதிகுவென எரிகிறது, எறும்பு ஊர்கிறது, செருப்பு கழன்றதே தெரியவில்லை என்றால் நரம்பு. ரத்தப் புற்றுநோய்க்குப் போடும் போர்டிசோமிப், வின்கிரிஸ்டின் ஊசிகள் இரண்டுமே நரம்பைப் பாதிக்கும். அடுத்த ஊசிக்கு முன்பே சொன்னால் அளவைக் குறைக்கலாம், இடைவெளியைக் கூட்டலாம். தாமதித்தால் மரத்துப்போனது திரும்பாமலே போகலாம். அம்மாவின் சொல்லை அப்படியே சொல்லி, பிறகு விளக்குங்கள்.

தெம்பனிஸ் வாசகர்: அப்பாவுக்கு 30 கேள்விப் படிவம் கொடுத்தார்கள். சோர்வு 33லிருந்து 56 ஆகியிருக்கிறது. முன்னேற்றமா?

பதில்: இல்லை ஐயா, மோசமாகியிருக்கிறது. புற்றுநோயாளியின் வாழ்க்கைத் தரத்தைக் கேட்கும் இந்த கியூஎல்கியூ-சி30 படிவத்தில் பலரும் தடுமாறும் இடம் இது. எல்லாமே 0 முதல் 100 வரைதான். ஆனால் நடமாட்டம், அன்றாட வேலை போன்ற செயல்திறன் பகுதிகளில் எண் ஏறினால் நல்லது. சோர்வு, வலி, குமட்டல் போன்ற அறிகுறிகளில் ஏறினால் கெட்டது. சுமார் 10 புள்ளி மாறினாலே நோயாளி அதை உணர்வார். உங்கள் அப்பாவுக்கு 23 கூடியிருக்கிறது, கட்டாயம் பேச வேண்டிய விஷயம்.

பேசும் முன் ஒன்றைப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நாளில் தெம்பு வரும், விட்ட மறுநாள் ஆள் துவண்டுபோவார். படிவமோ கடந்த ஒரு வாரத்தைக் கேட்கிறது. ஆகவே ஒவ்வொரு சிகிச்சைச் சுற்றிலும் அதே நாளில் நிரப்பினால்தான் ஒப்பிட முடியும். அவருக்காக நீங்கள் நிரப்பாதீர்கள். வாசித்துக் காட்டலாம், பதில் அவருடையதாக இருக்கட்டும். பக்கத்திலிருந்து பார்ப்பவர்கள் பொதுவாக நோயாளி உணர்வதைவிட மோசமாகவே மதிப்பிடுகிறோம்.

பொங்கோல் வாசகி: வலிக்கு வீட்டில் இருக்கும் பெனடால் (பாரசிட்டமால்) போதுமா?

பதில்: முதலில் காய்ச்சல் பாருங்கள். கீமோ காலத்தில் பெனடால் காய்ச்சலை மறைத்துவிடும். 38 டிகிரி என்றால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் வேண்டாம். மைலோமாவில் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்தால் ரத்தம் கசியும்.

உட்லண்ட்ஸ் வாசகர்: மாமாவுக்கு மார்ஃபின் கொடுத்திருக்கிறார்கள். பழக்கமாகிவிடும் என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்.

பதில்: மருத்துவர் சொன்ன அளவில் வலிக்காகச் சாப்பிடுவது வேறு, அடிமையாவது வேறு. திடீரென நிறுத்தினால்தான் வியர்வையும் நடுக்கமும் வந்து அவரைப் பயமுறுத்தும். கொடுக்கும் முன் ஓர் எண், ஒரு மணி நேரம் கழித்து ஓர் எண் குறித்துக் காட்டுங்கள். 8 என்பது 3 ஆவதை அவரே பார்ப்பார். மலச்சிக்கலுக்கு சென்னா போன்ற மருந்தை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். பலர் மார்ஃபினை விடுவது மலச்சிக்கலால்தான். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மார்ஃபின் உடலில் தேங்கும். தூங்கி வழிவது, கைகால் வெட்டி இழுப்பது தெரிந்தால் உடனே அழையுங்கள்.

ஈசூன் வாசகி (மீண்டும்): அம்மாவுக்கு இன்று முதுகுவலியோடு கால் தள்ளாடுகிறது. வெள்ளிக்கிழமை அப்பாயின்ட்மென்ட் இருக்கிறது.

பதில்: வெள்ளிவரை வேண்டாம். முதுகுத்தண்டு நரம்பு நசுங்கியிருக்கலாம். எண்ணெல்லாம் பிறகு பார்க்கலாம், இப்போதே ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.