நகையை அடகு வைக்கும் முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: நான்கு வருடமாக வீட்டில் தையல் மெஷின் போட்டு, படுக்கை விரிப்பும் தலையணை உறையும் தைத்துக் கொடுக்கிறேன். மாத விற்பனை 80,000 ரூபாய். பணமெல்லாம் கணவரின் சேமிப்புக் கணக்குக்குத்தான் வருகிறது. இப்போது தங்கும் விடுதிகள் நடத்தும் ஒரு நிறுவனம் மாதம் 3 லட்ச ரூபாய்க்கு ஆர்டர் தருவதாகச் சொல்கிறது. பணம் 60 நாள் கழித்துத்தான் வரும். புது மெஷின்களுக்கு 1.5 லட்சம் வேண்டும். வங்கியில் வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள். நகையை வைத்து 3 லட்சம் புரட்டிவிடலாமா? (வாசகி, ஈரோடு மாவட்டம்)

பதில்: இப்போதைக்கு நகையைத் தொடாதீர்கள். 3 லட்சம் இந்த ஆர்டருக்குப் போதவே போதாது.

மெஷின் விலை கண்ணுக்குத் தெரிகிறது. துணியிலும் கூலியிலும் முடங்கப்போகிற பணம் தெரிவதில்லை. நல்ல ஆர்டர் கிடைத்தும் மூன்றாவது மாதம் பலருக்கு மூச்சு முட்டுவது இதனால்தான். 3 லட்ச ரூபாய்ச் சரக்குக்குத் துணி 1.6 லட்சம், கூலி 60,000, நூல், மின்சாரம், வண்டி வாடகைக்கு 20,000 என்று வையுங்கள். மாதச் செலவு 2.4 லட்சம். தைக்க 30 நாள், பணம் வர 60 நாள். முதல் காசு கைக்கு வருவதற்குள் மூன்று மாதச் செலவாக 7.2 லட்சம் போட்டிருப்பீர்கள். துணி வியாபாரி 30 நாள் கடன் தந்தால் 1.6 லட்சம் குறைந்து, 5.6 லட்சம் ஆகும். மெஷினையும் சேர்த்தால் தேவை 7.1 லட்சம்.

லாபத்தையும் பார்த்துவிடுவோம். மேலோட்டமாக மாதம் 60,000 மிஞ்சுகிறது. ஆனால் துணி வெட்டுவதும் சரக்கைச் சரிபார்ப்பதும் நீங்கள். அதற்கு ஓர் ஆளை வைத்தால் 25,000 கொடுத்திருப்பீர்கள். வீட்டில் இருந்து செய்கிற வேலை என்று பெண்கள் விட்டுவிடுகிற தொகை இது. விட்டால் விலை குறைவாகப் போடுவீர்கள், பிறகு ஆளை வைக்கும் அன்றைக்கே நஷ்டம் தொடங்கும். 11% வட்டி என்று கொண்டால் 5.6 லட்சத்துக்கு மாதம் சுமார் 5,100. மெஷின் கடனுக்கு 36 மாதத் தவணை சுமார் 4,900. திரும்பி வரும் சரக்குக்கு 2% என்று 6,000. இவ்வளவும் போக 19,000 நிற்கிறது. ஆர்டரை எடுக்கலாம்.

ஆனால் 60 நாளுக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் (2006) குறு, சிறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். ஒரே பெரிய வாடிக்கையாளர் மேல் யாரும் புகார் கொடுக்கத் துணிவதில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் பேரம் பேசும்போதே வருமான வரி விதியைச் சொல்லுங்கள்: கெடு தாண்டி பாக்கி வைத்த தொகையை, அதைக் கொடுத்து முடிக்கும் ஆண்டில்தான் வாங்கியவர் செலவாகக் கழிக்க முடியும். அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கு இது உடனே புரியும். 45 நாள் ஆனால் உங்களுக்கு முடங்கும் பணம் 5.6 லட்சத்திலிருந்து 4.4 லட்சமாக இறங்குகிறது.

இந்த உரிமைக்கு உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் இணையப் பதிவு) வேண்டும். உங்கள் ஆதார், உங்கள் பான் எண்ணில், ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன்பே பதியுங்கள். கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தரகரிடம் போக வேண்டாம். பில்லில் அந்த எண்ணை அச்சிடுங்கள். சரக்கு இறக்கும்போது டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு. இரண்டு மாதம் கழித்து "தையல் சரியில்லை" என்று பணத்தை நிறுத்துவதை இந்த ஒரு கையெழுத்து தடுக்கும்.

இனி வங்கி. 10 லட்சம் வரையிலான குறு, சிறு தொழில் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் தருண் பிரிவு 5 முதல் 10 லட்சம் வரை. எல்லாவற்றையும் ஒரே கடனாகக் கேட்காதீர்கள். மெஷினுக்குத் தவணைக் கடன் 1.5 லட்சம், துணிக்கும் கூலிக்கும் கேஷ் கிரெடிட் (ஒரு வரம்புக்குள் வேண்டும்போது எடுத்து, பணம் வந்ததும் திருப்பிப் போடும் கடன்) என்று பிரித்துக் கேளுங்கள். கேஷ் கிரெடிட்டில் எடுத்த தொகைக்கு மட்டும்தான் வட்டி. எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20% வரை தரும் கணிப்பு முறை வங்கிகளில் உண்டு. 36 லட்சத்துக்கு அது 7.2 லட்சம். கையில் வாங்கிய ஆர்டர் கடிதத்தை இணையுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

உண்மையில் உங்கள் பலவீனம் பத்திரம் இல்லாதது அல்ல. நான்கு வருட உழைப்பு கணவரின் கணக்கில் பதிவாகியிருக்கிறது. வங்கியின் கண்ணில் உங்களுக்கு வருமானமே இல்லை. இந்த வாரமே உங்கள் தொழில் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கி, பழைய வாடிக்கையாளர்களையும் அதில் பணம் போடச் சொல்லுங்கள். பழைய வருடங்களின் வருமானம் கணவரின் வரிக் கணக்கில் காட்டப்பட்டதா என்று ஆடிட்டரிடம் பாருங்கள். இந்த ஆண்டு முதல் உங்கள் பெயரில் தாக்கல் செய்யுங்கள். மகளிர் குழுக் கடன் ஏதாவது நிலுவையாகத் தெரிகிறதா என்று, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இலவசம்.

ஜிஎஸ்டியை மறந்துவிட வேண்டாம். 36 லட்சத்தோடு இப்போதைய விற்பனை 9.6 லட்சம் சேர்ந்தால் 45.6 லட்சம். சரக்குக்கான 40 லட்ச வரம்பைத் தாண்டுகிறது. வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் முதல் பில்லுக்கே பதிவு தேவை.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்ட மானியம் வாங்கித் தருவதாக யாராவது வந்தால் நம்பாதீர்கள். அது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு. உங்களுடையது நடந்துகொண்டிருக்கும் தொழில். கடன் அனுமதியாகி, பணம் கைக்கு வர இரண்டு மூன்று வாரம் இழுத்தால், துணி வாங்குவதற்கு மட்டும் நகையில் ஒரு பகுதியை வையுங்கள். அனுமதிக் கடிதத்தைக் கையில் வாங்கிய பிறகு.