4 ஓம் ஸ்பீக்கர்களுக்கு இரண்டு மோனோபிளாக் தேவையா?

உங்கள் 4 ஓம் ஸ்பீக்கர்கள் கரகரப்பதால், 60 வாட் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரை விற்றுவிட்டு, 120 வாட் மோனோபிளாக் (ஒரு சேனலை மட்டும் இயக்கும் தனி ஆம்ப்ளிஃபையர்) இரண்டை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதே வாங்க வேண்டாம். திறன் இரட்டிப்பானாலும் ஒலி 3 டெசிபல்தான் கூடும்.

ஒலியைக் கூட்டும்போது மட்டுமே கரகரப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும், பாஸ் பகுதியில் ஸ்பீக்கரின் மின்மறுப்பு (மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) 4 ஓமுக்கும் கீழே இறங்கும்போது, இரு சேனல்களுக்கும் பொதுவான பவர் சப்ளை வேண்டிய மின்னோட்டத்தைத் தர முடியாமல் திணறுவதால், ஒலியலையின் முகடுகள் வெட்டுப்படுகின்றன; அதுவே கரகரப்பாகக் கேட்கிறது.

ஆம்ப்ளிஃபையரை அணைத்து, ஒரு ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, அதே பாட்டை அதே அளவில் கேளுங்கள். பிறகு மற்றதையும் அவ்வாறே சோதியுங்கள். இரண்டிலும் கரகரப்பு நீங்கினால் பவர் சப்ளையின் மீதுதான் ஐயம். அப்போதும், 4 ஓமுக்கான திறனைத் தெளிவாகக் குறிப்பிட்டிருக்கும் வலுவான ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரே போதும் என்பது என் கருத்து. வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபையரில் மட்டும் இச்சோதனையைச் செய்யாதீர்கள். ஸ்பீக்கர் இல்லாமல் இயக்கினால் அதன் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகலாம்.

நீங்கள் கேட்ட பிரிட்ஜ் முறையில் (இரு சேனல்களையும் இணைத்து ஒரே ஸ்பீக்கரை இயக்குவது) ஒவ்வொரு சேனலும் 2 ஓம் சுமையைத் தாங்க நேரும் என்பதால், தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தாலன்றி அதைத் தவிர்த்துவிடுங்கள்.